‘இனி கர்ப்பம் வேண்டாம்’ என்று டாக்டர் சொன்ன பிறகு: எக்கோ ரிப்போர்ட்டிலிருந்து தத்து ஆணை வரை

சாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வருஷக்கணக்காக என் கை வழியாகத்தான் போய்வருகின்றன. என்னுடைய காகிதங்களில் ஒன்று மட்டும் கடை மேஜை இழுப்பறையிலேயே இருக்கிறது. 2016-இல் மதுரையில் ஓர் இதய டாக்டர் எழுதிக் கொடுத்தது. “இனி கர்ப்பம் தரிப்பது உயிருக்கு ஆபத்து” என்று அதில் ஒரு வரி. அந்த வரி கைக்கு வந்தவர்கள், வரப்போகிறவர்கள், அவர்கள் வீட்டார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு யாரும் வழி சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் முட்டிமோதித்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் உடம்பு.

எனக்கு அப்போது 28 வயது. தலைப்பிரசவம். எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாது. ராத்திரி மல்லாந்து படுத்தால் இருமல் வரும். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். அத்தையிடம், அதாவது மாமியாரிடம், சொன்னேன். “கடைசி மாசம் எல்லாத்துக்கும் அப்படித்தாம்மா, புள்ள மேல ஏறி நிக்கும்” என்றார்கள். பரிசோதனைக்குப் போன இடத்திலும் அதையே சொல்லி இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் 150-க்கு 100 இருந்தது. அட்டையில் எழுதினார்கள், அவ்வளவுதான். 34-ஆவது வாரம் ஒரு விடிகாலையில் மூச்சு அறவே வரவில்லை. 108 வந்து மதுரைக்குக் கொண்டுபோனது. நான் பிழைத்தேன். குழந்தை பிழைக்கவில்லை.

பிரசவ கால இதயத்தசை பலவீனம் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டிய கடைசி மாதத்திலோ, பிறந்து ஐந்து மாதத்துக்குள்ளோ இது வரும், என் மாதிரிக் கொஞ்சம் முன்னாலும் வரலாம். அதற்கு முன் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லாத பெண்ணுக்கும் வரும். ரத்த அழுத்தம் ஏறியவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், முப்பது தாண்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் எல்லாக் கர்ப்பிணிக்கும் கொஞ்சம் இருக்கும் என்பதால்தான் இது கண்ணில் படாமல் போகிறது. ஆகவே இந்த நான்கை மட்டும் மனதில் வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாவது. தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது. படுக்கும்போது வரும் வறட்டு இருமல். இரண்டு மூன்று நாளில் எடை கிடுகிடுவென்று ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் “எக்கோ எடுங்கள்” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் மாதிரிதான், நெஞ்சில் எடுப்பார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டு, கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதாவது வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இதை நான் எந்த வீட்டிலும் சொல்வேன், கர்ப்பிணி முன்னாலேயே சொல்வேன். பயமுறுத்துகிறாய் என்பார்கள். என்னிடம் அன்றைக்கு ஒருத்தி இப்படிப் பயமுறுத்தியிருக்கலாம்.

அந்த வரியை எழுத்தில் வாங்குங்கள்

இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப் என்று சதவீதமாகப் போடுவார்கள். 55-க்கு மேல் இருந்தால் நிம்மதி. எனக்கு 28 இருந்தது. மாத்திரையில் ஒரு வருடத்தில் 46-க்கு ஏறியது. அப்புறம் 50. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். “அதான் சரியாயிருச்சே, இன்னொண்ணு பாக்கலாமே” என்று பேச்சு தொடங்கியது.

அடுத்த தடவை டாக்டரிடம் என் வீட்டுக்காரரையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். இதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். தனியாகப் போய் வந்து வீட்டில் சொன்னால், நாம் சொல்வது சாக்கு மாதிரித் தெரியும். டாக்டர் மேஜைமேல் ஒரு காகிதத்தில் இதயத்தைப் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே நாற்பது, ஐம்பது சதவீதம் கூடும். அவ்வளவையும் இந்த இதயம்தான் தள்ள வேண்டும். ஒரு முறை நைந்த தசை முழுசாகத் தேறாமல் இருக்கும்போது மறுபடி கர்ப்பமானால் பழையபடி விழலாம், இந்த முறை எழுந்திருக்காமலும் போகலாம் என்றார். அத்தை அன்று பஸ்ஸில் சாத்தூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

எல்லா நோய்க்கும் “வேண்டாம்” என்று அர்த்தமில்லை. சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் உள்ள பெண்கள் ஒழுங்கான கண்காணிப்பில் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். இதய வால்வு சுருங்கியவர்களில் பலருக்கு முதலில் பலூன் வைத்து விரித்துவிட்டுப் பிறகு கர்ப்பத்துக்குச் சம்மதிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நான்காம் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடிய நோய், வால்வு மிக மோசமாகச் சுருங்கியது, இ.எஃப் 30-க்குக் கீழே போனது, என் மாதிரி முழுசாகத் தேறாதது எல்லாம் அதில் வரும். அந்த வகுப்புக்குத்தான் கர்ப்பமே கூடாது என்பார்கள். அதனால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: என் நோயின் பெயர் என்ன? நான் எந்த வகுப்பு? இப்போதைக்கு வேண்டாமா, எப்போதுமே வேண்டாமா? சிகிச்சையால் இது மாறுமா? பதிலைச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, முத்திரையோடு வாங்குங்கள். இன்னொரு இதய டாக்டரிடமும் காட்டுங்கள். இந்தக் காகிதம் பின்னால் தத்துக்கும் தேவைப்படும்.

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரியானவை கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் இது இரண்டு மடங்கு அவசரம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தை உறைய வைக்கக்கூடியது, இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். நான் காப்பர்-டி வைத்துக்கொண்டேன், அரசு மருத்துவமனையில் காசில்லாமல் வைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் ஆண்களுக்கான கருத்தடை செய்துகொண்டார். தையல் இல்லாத சின்ன வேலைதான். மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், அதுவரை வேறு பாதுகாப்பு வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தும் கரு நின்றுவிட்டால், மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைக்க முயலாதீர்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருவைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது.

வாடகைத்தாய் வழியைப் பற்றிக் கேட்பார்கள். 2021 சட்டப்படி காசு வாங்காமல் சுமக்கிறவர் மட்டும்தான், அதுவும் மாவட்ட மருத்துவ வாரியச் சான்றோடு. எங்களுக்கு அதில் மனம் போகவில்லை. என்னைக் காப்பாற்ற இன்னொருத்தி அந்த எட்டாம் மாதத்தைக் கடக்க வேண்டும் என்று நினைக்கவே முடியவில்லை. அது என் மனசு, உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

பதிவு

உடனே போய்ப் பதியாதீர்கள் என்பது என் எண்ணம். நாங்கள் மூன்று வருடம் எடுத்துக்கொண்டோம். போன குழந்தையின் துணியை எடுத்துக் கொடுக்க எனக்கு அவ்வளவு நாள் ஆனது. அந்த இடத்தை நிரப்ப இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்தால் அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

ஆதரவற்ற, கைவிடப்பட்ட, பெற்றவர் ஒப்படைத்த குழந்தையைத் தத்தெடுக்க இந்தியாவில் ஒரே வாசல்தான்: காரா என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளம். விருதுநகர், சென்னை, டெல்லி எல்லாருக்கும் ஒரே வரிசை. நீங்களே பதியலாம், முடியாவிட்டால் கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவுவார்கள். தம்பதி என்றால் கல்யாணமாகி இரண்டு வருடம் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையும் பெண் குழந்தையையும் எடுக்கலாம். தனி ஆண் பெண் குழந்தையை எடுக்க முடியாது. இப்போதுள்ள 2022 விதிப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி வயதின் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, எட்டு வரை 100, பதினெட்டு வரை 110. குழந்தைக்கும் உங்களில் எவருக்கும் 25 வயதாவது வித்தியாசம் இருக்க வேண்டும்.

இனி நான் சொல்வது என் தொழிலிலிருந்து. ஆவணங்களை ஏற்றும் முன்னால் எல்லாவற்றையும் ஒரு மேஜையில் பரப்பிப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து கிடக்கும், கல்யாணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். எனக்கு நான்கு காகிதத்தில் நான்கு பெயர். ஊரார் பெயரையெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கும் எனக்கே என் பெயரைத் திருத்த இரண்டு மாதம் ஆனது. பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும் என்பதால் திருத்தத்தை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பதியுங்கள். பிறப்புச் சான்று, பான், முகவரி, வருமானச் சான்று, கல்யாணப் பதிவு, குடும்பப் புகைப்படம், மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். கோயிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போதே போங்கள்.

மருத்துவச் சான்றுதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சிக்கல். நாட்பட்ட நோயோ, தொற்றுநோயோ, உயிரைப் பறிக்கும் நோயோ இல்லை, தத்தெடுக்கத் தகுதியுள்ளவர் என்று டாக்டர் சொல்ல வேண்டும். அந்த வாசகத்தைப் படித்ததும் எனக்குக் கண் இருட்டியது. தெரிந்த டாக்டரிடம் சும்மா ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று கடைக்கு வருகிற ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யவே கூடாது. நாளைக்கு வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர் மாத்திரை டப்பாவைப் பார்ப்பார், அன்றைக்கே நம்பிக்கை போய்விடும். நான் மறுபடி என் இதய டாக்டரிடம் போனேன். இந்த முறை எக்கோ எடுத்து, விளக்கமாக ஒரு கடிதம் கேட்டேன்: நோய் என்ன, எப்போது வந்தது, இப்போது இ.எஃப் எவ்வளவு, என்ன மாத்திரை, மாடிப்படி ஏறுகிறாளா, வேலைக்குப் போகிறாளா. கடைசியில் அவர் இரண்டு வாக்கியம் எழுதினார். கர்ப்பத்துக்கு உடல் தகுதியில்லை. குழந்தை வளர்க்கத் தகுதியுண்டு. அந்தக் கடிதத்தைச் சான்றோடு சேர்த்து ஏற்றினோம்.

வீட்டு ஆய்வுக்குச் சமூகப் பணியாளர் ஒரு மத்தியானம் வந்தார். வீடு பெரிதா, ஏ.சி. இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நான் வீட்டை வெள்ளையடித்து வைத்தது வீண். அவர் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அத்தையிடம்தான் அதிக நேரம் பேசினார். “வர்ற புள்ள கறுப்பா இருந்தா என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டார். “நாங்க மட்டும் என்ன வெள்ளக்காரங்களா?” என்றார்கள் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போனா யாரு பாத்துக்குவா?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். நோயுள்ள ஒவ்வொருவரும் இந்த ஒரு கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு ஓடாதீர்கள்.

காத்திருப்பு

2019-இல் பதிந்தோம், 2023 தொடக்கத்தில் குழந்தை வந்தாள். இணையதளத்தில் வரிசை எண்ணைப் பார்க்கலாம். நான் ஆரம்பத்தில் தினமும் பார்த்தேன், பிறகு மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். ஆய்வறிக்கை மூன்று வருடம்தான் செல்லும். 2022-இல் மறுபடி எல்லாம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, மறுபடி எக்கோ, மறுபடி கடிதம். தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இந்தக் காலத்தில்தான் ஆள் வருவான். “எதுக்கு வருசக்கணக்கா காத்துக் கெடக்கீங்க, தெரிஞ்ச நர்சம்மா இருக்காங்க, ஆசுபத்திரியிலயே உங்க பேர்ல சான்று வாங்கிரலாம்.” எங்களுக்கும் வந்தான். நாங்கள் பதிந்த அதே 2019-இல்தான் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பிடிபட்டது. ஓய்வு பெற்ற நர்சு கைதானார். குழந்தையை வாங்குவதும் விற்பதும் சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். அதைவிட, போலீஸ் வந்து நிற்கும்போது “அம்மா” என்று கூப்பிடக் கற்றுக்கொண்ட பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். முறையான வழியில் ஒரு குழந்தை தத்துக்கு வருவதற்கு முன் பெற்றவளுக்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. குழந்தைகள் நலக் குழு சட்டப்படி விடுவித்த பிறகுதான் அந்தப் பெயர் பட்டியலுக்கு வரும். நாம் காத்திருக்கும் நாளில் கொஞ்சம் அவளுக்காகவும்தான் போகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை. யாருக்கோ பட்டா நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் குறுஞ்செய்தி வந்தது. லாகின் செய்தால் ஒரு பாப்பா, மொட்டைத் தலை, ஒரு கையில் பிளாஸ்டிக் கரண்டி. 48 மணி நேரத்துக்குள் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். புகைப்படத்திலேயே நின்றுவிடாதீர்கள், கூடவே குழந்தையின் மருத்துவ அறிக்கை இருக்கும். அதை உங்களுக்குத் தெரிந்த குழந்தை டாக்டரிடம் அன்றைக்கே காட்டுங்கள், விதியிலேயே அதற்கு இடமுண்டு. எடை, தலைச் சுற்றளவு, காது கேட்கிறதா, தடுப்பூசி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி பரிசோதனை. எங்கள் டாக்டர், எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்றார். மொத்தம் மூன்று முறைதான் குழந்தையைக் காட்டுவார்கள். நாங்கள் முதல் முறையிலேயே சரி என்றோம்.

நேரில் பார்க்கப் போனபோது அவளுக்குப் பதினோரு மாதம். என்னிடம் வரவில்லை. அங்கே பார்த்துக்கொண்ட அக்காவின் அடையாள அட்டைக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதைப் பார்த்து நிறையப் பேர் மனம் உடைந்துபோவார்கள். அந்தக் கயிற்றைப் பிடிக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் நாளைக்கு நம் சேலையைப் பிடிக்கத் தெரியும். அவள் என்ன பாலாடையில் குடிக்கிறாள், எந்தத் துணியில் தூங்குகிறாள், எப்போது குளிப்பாட்டுவார்கள் என்று அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். தூங்கும் துணியைத் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கி வந்தோம். முதல் மூன்று ராத்திரி அந்தத் துணிதான் அவளைத் தூங்க வைத்தது. காசு விஷயத்தில் ஒன்று: விதியில் சொன்ன கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

முன்பு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே தத்து ஆணை கொடுக்கிறார். குழந்தை அதற்கு முன்பே நம்மோடு வந்துவிடும். அப்படி வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். சொத்து உட்பட, பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமையும் அவளுக்கு உண்டு. இதை உங்கள் பங்காளிகளிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

எந்த ஊரிலிருந்து வந்தாள், பெற்றவள் யார் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கும் எழுத மாட்டேன். அது அவளுக்குச் சேர வேண்டிய கதை. ஆனால் தத்து என்ற வார்த்தையை அவளிடம் முதல் நாளிலிருந்தே சொல்கிறேன். வெளியார் வாயிலிருந்து அது முதல் முறையாக அவள் காதில் விழக் கூடாது. “உன்னக் கூட்டிட்டு வர நாங்க ரயில்ல வந்தோம். அப்பாவுக்கு சீட்டு கெடைக்கல, நின்னுக்கிட்டே வந்தாரு” என்று தொடங்குவேன். “அப்பத்தா என்ன செஞ்சாங்க?” என்று அவள் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று அழுத கதையை அத்தைதான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் அவளுக்குப் பிடிக்காது.

ஆணையைக் காட்டிப் புதுப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதை மறந்துவிடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அவளுடையது வந்த அன்று என் கடை மிஷினிலேயே பத்துப் பிரதி எடுத்தேன். பெயரை எழுத்தெழுத்தாக இரண்டு முறை பார்த்தேன். இனிஷியல் சரியாக இருந்தது.